நோக்கம் உரைத்த கல்வெட்டுகள்

திருவாடானையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை தொண்டியில் கடலைத் தொடுகிறது. பாண்டி நாட்டின் பழந்துறைகளுள் ஒன்றான தொண்டியிலிருந்து அகிலும் துகிலும் ஆரமும் கருப்பூரமும் மதுரையை அடைந்த செய்தியைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. தொண்டிக்கு வடக்கே, அதே கடற்கரையில், திருவாடானை வட்டத்தைச் சேர்ந்த தீர்த்தாண்டதானம் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று ஆரவாரமற்ற கடலோர ஊர் அது. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியர் ஆட்சியின்போது, பல நாட்டு வணிகர் கூடிய இடமாக அது விளங்கியதை அவ்வூர்க் கல்வெட்டு ஒன்று அறிவிக்கின்றது. அஞ்சுவண்ணத்தார், மணிக்கிராமத்தார், சாமந்த பண்டசாலிகள், தென்னிலங்கை வளஞ்சியர், கைக்கோளர், வாணியர் முதலியோர் ஒருங்கு கூடி, அவ்வூர்க் கோயிலின் திருப்பணிக்காகத் தம் வணிகப் பொருள்களின்மீது ஒரு பங்கு தருவதென முடிவு செய்தனர்.

இக்கூட்டத்தில் இருந்தோர் யாவர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அஞ்சுவண்ணம் என்பது மேலை ஆசியாவிலிருந்து கடல் கடந்து வந்த யூத, கிறித்தவ, இசுலாமிய வணிகரைக் கொண்ட அமைப்பு என்பர் ஆய்வாளர். மணிக்கிராமம் தென்னாட்டின் பழைய வணிகக் குழு. வளஞ்சியர் ஈழத்தோடு வணிகத் தொடர்பு உடையோர். பண்டசாலிகள் சரக்குகளைக் காத்துவைக்கும் பண்டகசாலைகளை உடையோர். கைக்கோளர் நெசவுத் தொழிலினர். வாணியர் எண்ணெய் வணிகர். சமயத்தாலும் மொழியாலும் தொழிலாலும் வேறுபட்ட இவர்கள் ஒரே செயலில் இணைந்தனர். அவ்விணைப்புக்கு அரச ஆணை மட்டும் போதுமானதன்று. இன்னார் கூடினோம், இன்ன காரியத்திற்காகக் கூடினோம், இன்ன பொருளிலிருந்து தருகிறோம் என்று அனைவரும் அறிய உரைத்து, அவ்வுரையைக் கல்லில் பொறித்தமையே அவர்களை ஒன்றாக நிறுத்தியது.

நிறுவனம் ஒன்று எதற்காக இருக்கின்றது என்பதைச் சில சொற்களில் தெளிவாக எழுதிவைப்பதை இக்கால வணிக உலகம் 'மிஷன் ஸ்டேட்மெண்ட்' என்று வழங்குகிறது. நோக்க அறிக்கை எனத் தமிழில் கூறலாம். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1973இல் வெளியிட்ட பெருநூலில், தம் தொழில் யாது என்னும் கேள்வியை ஒரு நிறுவனம் தன்னையே கேட்டுக்கொள்ளத் தவறுவதுதான் தோல்விகளுக்கு முதன்மையான காரணம் என்று வலியுறுத்தினார். அதன்பின் உலகெங்கும் நிறுவனங்கள் தம் நோக்க அறிக்கைகளை எழுதிச் சுவரில் மாட்டத் தொடங்கின. அவற்றுட் பல, எந்த நிறுவனத்தின் சுவரிலும் மாட்டத்தக்க பொதுச் சொற்களாகவே நின்றுவிட்டன. நல்ல சொற்களைச் சேர்ப்பது வேறு. நோக்கத்தைச் சொல்வது வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழகத்து வணிகரும் அவர்தம் கொடையைப் பெற்ற சமண அறவோரும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர் என்பதற்குக் கல்வெட்டுகளே சான்று.

மலைக்குகையில் ஒரு வணிகக் குழு

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலைக்குகைகளில் தமிழகத்தின் மிகப் பழைய தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் சில காணப்படுகின்றன. இவை கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படுகின்றன. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் இவற்றுள் வருகிறது. அரசனைச் சார்ந்தோர் அளித்த கொடையோடு, வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார் அளித்த கொடையும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. நிகமம் என்பது வணிகர் குழு. அக்குழுவைச் சார்ந்த காவிதிப் பட்டம் பெற்ற ஒருவரின் பெயரும் உண்டு. அவருக்குரிய 'காழிதி' என்னும் பதவிப் பெயரை முத்துக்களின் மேற்பார்வையாளர் எனக் கொள்வர் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். அவ்வாறாயின், கீழைக் கடற்கரையில் எடுத்த முத்தின் செல்வம் உள்நாட்டு மலையொன்றில் சமணத் துறவியரின் கற்படுக்கையாக மாறியது என்று கொள்ளலாம்.

இக்கல்வெட்டுகளின் சிறப்பு அவற்றின் சுருக்கம். கொடை பெறுபவர் கணி நந்தாசிரியன் என்னும் துறவி எனப் பெயர் சுட்டப்படுகிறது. கொடுத்தவர் யார், அவர் எந்த ஊரினர், எக்குழுவினர் என்பது சொல்லப்படுகிறது. கொடுக்கப்பட்டது பள்ளி, அதாவது துறவியர் உறையும் இடம். இச்செயலைக் குறிக்கத் 'தம்மம்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. தருமம் என்னும் சொல்லின் பிராகிருத வடிவமாகிய இது தமிழ் மண்ணில் எழுத்தில் பதிவான மிகப் பழைய சொற்களுள் ஒன்று. தம்மம் என்று மட்டும் எழுதி அவர்கள் நிறுத்திவிடவில்லை. யாருடைய தம்மம், யாருக்கான தம்மம், எந்த உருவில் தம்மம் என்பதையும் சேர்த்தே எழுதினர்.

அழகர்மலைக் குகையிலும் இதே முறையைக் காணலாம். அங்கே உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன் எனத் தத்தம் தொழிலைப் பெயரோடு இணைத்தே கொடையாளர் தம்மைக் குறித்துள்ளனர். அறுவை என்பது துணி. கொழு என்பது ஏர்க்கொழு. பாணிதம் என்பது வெல்லப்பாகு. கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் அமைத்த கற்படுக்கை உள்ளது. பெரும் பட்டங்கள் எதுவும் இல்லை. உப்பு விற்றவன் உப்பு வணிகன் என்றே தன்னைச் சொன்னான். தன் பொருள் எத்தொழிலிலிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

புகழுரையும் உடன்பாடும்

பிற்காலத்தில் வணிகக் குழுக்கள் பேரமைப்புகளாக வளர்ந்தன. அவற்றுள் தலையாயது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் குழு. கருநாடகத்து ஐகொளெ நகரம் இதன் தொடக்க இடமாகக் கருதப்படுகிறது. இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர் கி.பி. 634இல் எடுப்பித்த ஜினாலயம் அமைந்த நகரமும் அதுவே. இக்குழுவினர் தமிழகம், ஈழம், சுமத்திரா எனப் பல இடங்களிலும் கல்வெட்டுகளை விட்டுச் சென்றுள்ளனர்.

இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் இரண்டு பகுதிகளை உடையன. முதற்பகுதி புகழுரை. தாம் ஐந்நூறு வீரசாசனங்களை உடையோர் என்றும், பதினெண் பட்டினமும் முப்பத்திரண்டு வேளாபுரமும் அறுபத்துநான்கு கடிகைத்தாவளமும் தம்முடையன என்றும், ஐயப்பொழிற் பரமேசுவரியின் மக்கள் என்றும், அறம் தழைக்க உலகெங்கும் திரிவோர் என்றும் அவர்கள் தம்மைப் பாராட்டிக்கொள்வர். இரண்டாம் பகுதி உடன்பாடு. எந்தப் பண்டத்தில் எவ்வளவு, எதற்காக, யாரிடம் செலுத்துவது என்னும் வரையறை அதில் இருக்கும்.

முன்னாளில் இராமநாதபுரம் மாவட்டத்திலும் இந்நாளில் சிவகங்கை மாவட்டத்திலும் அடங்கும் பிரான்மலைக் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இவ்வமைப்பை விளக்க ஏற்றது. பல ஊர் வணிகரும் கூடி, கோயிலுக்கெனத் தம் பண்டங்களின்மீது ஒரு வீதத்தை வகுத்துக்கொண்டனர். உப்பு, அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில் எனப் பண்டங்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிடப்பட்டன. 'எங்களால் இயன்றதைக் கொடுப்போம்' என்று அவர்கள் எழுதவில்லை. இன்ன பண்டத்திற்கு இன்ன அளவு என்றே எழுதினர். புகழுரையைப் படித்த பாகன் வியந்திருப்பான். ஆனால் மிளகுப் பொதியோடு வந்த அவன் எவ்வளவு தரவேண்டும் என்று அவனுக்கு அறிவித்தது உடன்பாட்டுப் பகுதியே.

கடலுக்கு அப்பாலும் இதே வழக்கம் நிலவியது. சுமத்திரா தீவின் மேற்குக் கரையில், கருப்பூரத்திற்குப் பெயர்பெற்ற பாரூசு துறைக்கு அருகே லோபு துவா என்னுமிடத்தில் ஐந்நூற்றுவர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. அத்துறைக்கு வரும் மரக்கலத்தின் தலைவனும் உடன் வருவோரும் வணிகம் தொடங்குமுன் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது விதிக்கிறது. இறுதியில் அறத்தை மறவாதிருக்குமாறு நினைவூட்டுகிறது. தாய்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவில், அரசனின் படையும் நாட்டாரின் சபையும் இல்லாத இடத்தில், குழுவினரை ஒழுங்கில் நிறுத்த அவர்களுக்கு அந்தக் கல்லே துணையாயிற்று.

காப்பவர் யார் என்னும் கேள்விக்குக் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் விடை தருகின்றன. கி.பி. 849இல் அளிக்கப்பட்ட அவ்வுரிமை ஆவணத்தில், அங்கிருந்த கிறித்தவப் பள்ளியின் உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்திற்கும் மணிக்கிராமத்திற்கும் அளிக்கப்பட்டது. அதே இரு குழுக்களின் பெயரும் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர்த் தீர்த்தாண்டதானத்திலும் காணப்படுவது எண்ணத்தக்கது.

இவ்வாறு பல இடத்துக் கல்வெட்டுகளையும் சேர்த்துப் பார்க்குங்கால் ஐந்து கேள்விகள் தெளிவாகின்றன. நாம் யார்? எதற்காகக் கூடியுள்ளோம்? எதிலிருந்து தருவோம்? எவ்வளவு தருவோம்? இதனைக் காப்பவர் யார்? இவ்வைந்திற்கும் விடை கூறும் உரையே நோக்க உரை. எஞ்சியது புகழுரை.

விரதம் என்னும் வரையறை

சமண இல்லறத்தாரைச் சாவகர் என வழங்குவது மரபு. அவர்க்கு விதிக்கப்பட்ட அணுவிரதங்களும் குணவிரதங்களும் இக்கருத்தை மேலும் ஆழமாக உணர்த்துகின்றன. சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த அருங்கலச்செப்பு என்னும் தமிழ் நூலும் இவ்விரதங்களை விளக்குவன.

பொருள் வரைதல் என்னும் விரதத்தைக் கருதுக. இல்லறத்தான் பொருளே ஈட்டலாகாது என்று அது கூறவில்லை. நிலம், வீடு, பொன், தானியம், கால்நடை முதலியவற்றில் தனக்கு இவ்வளவு போதும் என்று முன்னரே அளவிட்டு, அதற்கு மேற்பட்டதில் ஆசை வைக்காதிருத்தலே அவ்விரதம். 'அளவோடு வாழ்வேன்' என்பது நல்லெண்ணம், விரதமாகாது. அளவைச் சொன்ன பின்னரே அது விரதம்.

திசை விரதம் இன்னும் தெளிவானது. பத்துத் திசைகளிலும் இவ்வெல்லைக்கு அப்பால் செல்வதில்லை என்று வாழ்நாள் முழுமைக்கும் உறுதி கொள்வது அது. எல்லையை எவ்வாறு குறிப்பது என்பதையும் நூல் கூறுகிறது. கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைக் கணக்கு என எல்லாரும் அறிந்த அடையாளங்களைக் கொண்டே எல்லை குறிக்கப்பட வேண்டும். தன் மனத்தில் மட்டும் இருக்கும் எல்லை நாளுக்கு நாள் நகரும். பிறர் அறிந்த ஆறும் மலையும் நகர்வதில்லை. கடலோரத்தில் வாழ்ந்த வணிகன் ஒருவனுக்கு இவ்விரதத்தின் பொருள் எளிதில் விளங்கியிருக்கும். கரை எங்கே முடிகிறது என்பதில் அவனுக்கு ஐயம் இருந்திருக்க இயலாது.

கள்ளாமை விரதத்திற்கு ஐந்து மீறல்கள் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணப்பட்டுள்ளன. பிறரைத் திருட்டில் ஏவுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், நாட்டின் விதியை மீறி வணிகம் செய்தல், அளவையிலும் எடையிலும் குறைத்தோ கூட்டியோ ஏமாற்றுதல், போலிப் பொருளைக் கலந்து விற்றல் என்பன அவை. ஐந்தும் வணிகனின் கடைக்குள்ளேயே நிகழக்கூடியவை. 'நேர்மையாக நடப்போம்' என்று பொதுவாகக் கூறாமல், நேர்மை எவ்விடத்தில் தவறும் என்று சுட்டிக்காட்டிய முறை இது. செய்வன இவை என்பதோடு செய்யாதன இவை என்றும் கூறுகின்ற நோக்க அறிக்கைக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி காண்பது அரிது.

பெயரிலேயே நின்ற நோக்கம்

திருவாடானை வட்டாரத்தில் சமணம் நிலவியதற்கு இன்றும் நிற்கும் சான்று அனுமந்தக்குடி மளவநாதர் கோயில். முன்னாளில் திருவாடானை வட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூரில் பார்சுவநாத தீர்த்தங்கரர் எழுந்தருளியுள்ளார். விசயநகர ஆட்சிக்காலத்தைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று, முத்தூற்றுக் கூற்றத்தில் அமைந்த இவ்வூர்ப் பகுதியைக் குருவடிமிடி என்றும் ஜினேந்திரமங்கலம் என்றும் குறிக்கின்றது. ஜினேந்திரரின் பெயரால் அமைந்த மங்கலம் என்னும் அப்பெயரே அவ்வூரின் தொடர்பை உரைத்துவிடுகிறது. வேறு ஆவணங்கள் அழிந்தாலும் பெயர் ஒன்று எஞ்சினால் அவ்விடம் யாருக்கு உரியதாக இருந்தது என்று சொல்ல இயலும்.

பள்ளிச்சந்தம் என்னும் சொல்லும் இத்தகையதே. சமணப் பள்ளிகளுக்கு விடப்பட்ட இறையிலி நிலத்தைச் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்று குறிக்கின்றன. நிலத்தின் வகைப்பெயரிலேயே அதன் நோக்கம் அடங்கிவிட்டது. நிலத்தை உழுதவனும் அளந்தவனும் வரிக்கணக்கு எழுதியவனும் அச்சொல்லைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், அறிந்தோ அறியாமலோ, அந்நிலம் எதற்காக விடப்பட்டது என்பதைச் சொன்னார்கள்.

கழுகுமலையில் இதன் நுட்பம் மேலும் விளங்கும். பாண்டியர் காலத்துச் சமணத் தலமாகிய அங்கே, பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட திருமேனிகளின் கீழே, செய்வித்தவர் யார், எந்த ஊரினர், யார் நினைவாகச் செய்வித்தார் என்னும் செய்திகள் வட்டெழுத்தில் உள்ளன. அங்குள்ள அறக்கொடை ஒன்று சித்தாந்தம் உரைக்கும் துறவியரின் உணவுக்கென்று குறித்து அளிக்கப்பட்டது. துறவியர்க்கு உணவு என்று மட்டும் அது கூறவில்லை. சித்தாந்தம் உரைக்கும் துறவியர் என்று வரையறுத்தது. கொடையாளர் பேணக் கருதியது உணவு வழங்குதலை மட்டுமன்று, அறிவு தொடர்தலையும் ஆகும். நோக்கம் தெளிவாக உரைக்கப்பட்டதனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான பின்னரும் அக்கருத்து விளங்குகிறது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. கல்லில் எழுதியமையால் மட்டும் அப்பள்ளிகள் நிலைத்துவிடவில்லை. கழுகுமலையில் சித்தாந்தம் உரைப்பார் இலர். ஐந்நூற்றுவர் குழுவும் 14ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர்ப் படிப்படியாக மங்கி மறைந்தது. எழுத்து நோக்கத்தைக் காக்கும். அதனைச் செயலாக்க மனிதர் வேண்டும். எனினும், எழுதப்பட்டவற்றைப் பின்வந்தோர் மீட்டெடுக்க வழி உண்டு. எழுதப்படாதவற்றுக்கு அவ்வழியும் இல்லை. எத்தனையோ ஊர்களில் இன்று வயல்வரப்பிலும் மரத்தடியிலும் பெயர் தெரியாது அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் திருமேனிகள், அவற்றுக்கு விடப்பட்ட அறங்கள் யாவை என்று சொல்லும் ஆவணமின்றி நிற்கின்றன.

தருமம் என்று மட்டும் எழுதினால்

இக்காலச் சட்டமும் இதே கருத்தை வேறு மொழியில் வற்புறுத்துகிறது. 1899ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சிலின் முன் பம்பாய் மாகாணத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. ரஞ்சோர்தாஸ் வந்திராவன்தாஸ் எதிர் பார்வதிபாய் என்பது அதன் பெயர். இறந்த ஒருவர் தம் உயிலில் சொத்தின் ஒரு பகுதியைத் 'தரம்' என்பதற்கு, அதாவது தருமத்திற்கு, என்று எழுதியிருந்தார். தருமம் என்னும் சொல் மிக விரிந்தது; அதன்கீழ் எச்செயலையும் அடக்கலாம்; ஆகவே நீதிமன்றம் மேற்பார்வையிட்டு நிறைவேற்றத்தக்க உறுதியான நோக்கம் அதில் இல்லை என்று கூறி, அக்கொடை செல்லாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. கொடையாளரின் உள்ளம் தூயது என்பதில் ஐயமில்லை. அவர் தேர்ந்த சொல்லும் மிக உயர்ந்த சொல்லே. ஆயினும் அவர் கருதிய அறம் நிறைவேறவில்லை.

மாங்குளம் மலையில் தம்மம் என்ற சொல் ஈராயிரம் ஆண்டுகள் நின்றது. அவ்வுயிலில் அதே சொல் ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டவில்லை. குகையில் சொல்லோடு யார், யாருக்கு, எதை என்பன இருந்தன. உயிலில் சொல் மட்டும் தனித்து நின்றது.

1882ஆம் ஆண்டின் இந்திய நம்பிக்கைப் பொறுப்புகள் சட்டம், அதன் 6ஆம் பிரிவில், நம்பிக்கைப் பொறுப்பு உருவாவதற்கு நான்கு செய்திகள் ஓரளவேனும் உறுதியாகத் தெரியவேண்டும் என்கிறது. பொறுப்பை உருவாக்கும் எண்ணம், அதன் நோக்கம், பயன் பெறுவோர், அதற்குரிய சொத்து என்பன அவை. இச்சட்டம் தனியார் பொறுப்புகளுக்கு உரியதே எனினும், அதன் கேள்விகள் பிரான்மலைக் கல்வெட்டு விடை தந்த கேள்விகளுக்கு அயலானவை அல்ல. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டமும், ஒரு நிறுவனம் எந்நோக்கங்களுக்காக அமைக்கப்படுகிறது என்பதை அதன் அமைப்பு ஆவணத்தில் எழுதவேண்டும் என விதிக்கிறது.

அவ்வாறு எழுதப்பட்ட நோக்கத்திற்குப் புறம்பான செயல் நற்செயலாயினும் செல்லாது. சென்னையில் இயங்கிய ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1955இல் இரண்டு இலட்சம் ரூபாயை ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடையாக அளித்தது. இலட்சுமணசாமி முதலியார் எதிர் ஆயுள் காப்பீட்டுக் கழகம் என்று 1963ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெற்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை ஆராய்ந்தது. நிறுவனத்தின் நோக்க விதியோடு அந்நன்கொடைக்குத் தொடர்பு இல்லை. ஆதலால் அது அதிகார எல்லையைக் கடந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஈந்த பொருள் தம்முடையதன்றி, ஒரு நோக்கத்திற்கெனப் பிறர் ஒப்படைத்த பொருளாயின், ஈகைக்கும் எல்லை உண்டு என்பதே இதன் கருத்து. பிரான்மலை வணிகர் தத்தம் பண்டத்தின்மீது தாமே கூடி ஒப்பிய வீதத்தைத் தந்ததும் இம்முறைமைக்கு இயைந்ததே.

குடும்பத் தொழிலும் சமூக அறமும்

தமிழ்ச் சமணர் எண்ணிக்கையிற் சிறிய சமூகத்தினர். பயிர்த்தொழிலிலும் வணிகத்திலும் ஆசிரியப் பணியிலும் இருந்து சேர்த்த பொருளைக் கொண்டு ஜினாலயங்களையும் மாணவர் விடுதிகளையும் கல்வி உதவிகளையும் நடத்திவரும் குடும்பங்கள் அவர்களுள் பல. இவ்வறங்களின் நோக்கம் பெரும்பாலும் தொடங்கியவரின் உள்ளத்தில் தெளிவாக இருக்கும். அவர் இருக்கும்வரை எழுத்தின் தேவை தோன்றுவதில்லை. கேட்டால் சொல்ல அவரே இருக்கிறார். மக்களும் பெயரரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் பெயர்ந்த பின்னர், ஊரில் உள்ள நிலமும் கட்டடமும் வங்கியிருப்பும் எதற்காக என்னும் கேள்வி எழும். அப்போது ஒருவர் பூசைக்கு என்பார். ஒருவர் படிப்புக்கு என்பார். ஒருவர் குடும்பத்திற்கே என்பார். மூவரும் நல்லவராகவே இருக்கலாம். தீர்த்துவைக்க எழுத்து இல்லையேல் நல்லவர்களுக்கிடையேயும் பிணக்கு வளரும்.

தொழில் நடத்தும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். துணிக்கடையோ அரிசி மண்டியோ அச்சகமோ மென்பொருள் நிறுவனமோ எதுவாயினும், தாம் விற்பது என்ன, யாருக்கு, எந்த வழியில் விற்பதில்லை, ஆதாயத்தில் எவ்வளவு பங்கு எந்த அறத்திற்கு, அதனைக் கணக்குப் பார்ப்பவர் யார் என்று ஒரு தாளில் எழுதிவைப்பது அரிய செயலன்று. ஆதாயத்தில் ஒரு பங்கு தருமத்திற்கு என்று எழுதுவதைக் காட்டிலும், ஆதாயத்தில் நூற்றுக்கு இவ்வளவு, இன்ன ஊர் ஜினாலயத்தின் விளக்கிற்கும் இன்ன வகுப்பு மாணவர் கல்விக்கும் என்று எழுதுவது நிலைக்கும். உயிரினங்களுக்குத் தீங்கு விளைக்கும் பண்டங்களை விற்பதில்லை என்று மரபாகக் கடைப்பிடித்து வரும் குடும்பங்கள், அதனையும் எழுத்தில் சேர்த்தல் நலம். மரபு என்பதை அடுத்த தலைமுறை கேள்விக்கு உள்ளாக்கலாம். எழுதி ஒப்பமிட்ட விரதத்தை மாற்ற வேண்டுமாயின், கூடி ஆராய்ந்தே மாற்றுவர்.

நோக்கத்தை மாற்றவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளல் வேண்டா. காலம் மாறும், ஊர் மாறும், தேவை மாறும். இருபது மாணவர்க்கு விடுதி நடத்திய அறம், மாணவர் ஊரைவிட்டு நீங்கியபின் வேறு வடிவம் எடுக்க நேரலாம். முதல் நோக்கம் கல்வி என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தால், அதனோடு நெருங்கிய வேறொரு கல்விப் பணிக்கு அதனைத் திருப்ப வழி உண்டு. பொதுவாகத் தருமம் என்றிருந்தால், எது நெருங்கியது என்று கூற அளவுகோல் ஏதும் இராது. திசை விரதத்தில் எல்லை குறித்தவனுக்கே தான் எவ்வளவு தொலைவு வந்துள்ளான் என்பது தெரியும்.

தொண்டித் துறைக்கு இன்று ஐந்நூற்றுவரின் கலங்கள் வருவதில்லை. தீர்த்தாண்டதானத்தில் கூடிய அஞ்சுவண்ணத்தாரும் மணிக்கிராமத்தாரும் பெயரளவில் நிற்கின்றனர். அவர்களின் செல்வம் எவ்வளவு, கலங்கள் எத்தனை என்பது மறைந்துபோயிற்று. அவர்கள் ஒரு நாள் கூடி, ஒரு கோயிலின் திருப்பணிக்கென்று தம் பண்டங்களிலிருந்து ஒரு பங்கு தர இசைந்தனர் என்பது மட்டும் மறையவில்லை. அனுமந்தக்குடியில் பார்சுவநாதர் திருமுன் விளக்கேற்றும் குடும்பங்களும், பிற ஊர்களில் ஜினாலயங்களைப் பேணும் குடும்பங்களும், தாம் செய்யும் அறம் எது, யாருக்கு, எதிலிருந்து, எவ்வளவு, யார் காவலில் என்பதை இவ்விழா நாளில் ஒருமுறை எழுதிப் பார்ப்பார்களாயின், அது தம் முன்னோர் குகையில் தொடங்கிய வழக்கத்தைத் தொடர்வதாகவே அமையும்.